முன் பிரேக்கைத் தொடாதே!

அப்பாவின் ஸ்கூட்டரில் வண்டி பழகிய தலைமுறை நாம். கிளட்சும் கியரும் இடது கையில், ஆக்சிலரேட்டர் வலது கையில், பிரேக் வலது காலில். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்பாக்கள் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: "வலது கையில இருக்கே அந்த முன் பிரேக், அதை மட்டும் தொடாதே. குப்புற விழுவே." நெல்லையில் எனக்குச் சொன்னதும் இதுதான். இப்போது வேலை நிமித்தம் இருக்கும் லக்னோவில், என் கிளையில் வேலை பார்க்கும் வடக்கத்தி நண்பர்களுக்கு அவர்கள் அப்பாக்கள் இந்தியில் சொன்னதும் இதுவேதான். தேச ஒருமைப்பாடு!

யோசித்துப் பாருங்கள். தொடவே கூடாத ஒரு பிரேக்கை ஒரு கம்பெனி எதற்கு மெனக்கெட்டு வைத்து விற்கவேண்டும்? அதையும் நாற்பது வருஷம், கிட்டத்தட்ட மாற்றாமல்? நான் படித்தது பி.காம். இயந்திரம் என் துறை இல்லை. ஆனால் தோண்டத் தோண்ட, விஷயத்தில் பாதி இயந்திரம், மீதிப் பாதி கணக்கு வழக்கு என்று தெரிந்தது. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

கதை இத்தாலியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பியாஜியோவின் பொன்தெதேரா தொழிற்சாலை குண்டுவீச்சில் நொறுங்கியது. அதுவரை விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. போர் முடிந்ததும் சாதாரண ஜனங்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று அதன் முதலாளி என்ரிக்கோ பியாஜியோ கேட்க, வடிவமைத்தவர் கொராதினோ தஸ்கானியோ. இவர் ஹெலிகாப்டர் ஆசாமி. மோட்டார் சைக்கிளே பிடிக்காது. சங்கிலியில் எண்ணெய், பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற அரை நாள், இதெல்லாம் என்ன வண்டி என்ற கோபம். ஆகவே விமானத்தின் தரையிறங்கும் சக்கரம் எப்படி ஒரே பக்கத்தில் பிடிக்கப்பட்டிருக்குமோ, அதே மாதிரி முன் சக்கரத்தை ஒரு பக்கத் தண்டில் மாட்டினார். காரில் செய்வதுபோல நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிடலாம். 1946 ஏப்ரல் 23ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அதுதான் வெஸ்பா. முதல் வெஸ்பாவில் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. 1948ல் வந்த 125 சிசி வண்டியில்தான் அது வந்தது. முன் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங். அந்தக் காலத்து வேகத்துக்கு அது போதும்.

அடுத்த வருஷமே, 1947ல், மிலான் நகரின் இன்னொசென்தி கம்பெனி லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. இவர்கள் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்தார்கள். வெஸ்பாவில் எஞ்சின் வலது பக்கம் தொங்கும். லாம்பிரெட்டாவில் நடுவில் இருக்கும். எது ஒசத்தி என்ற சண்டை உலகம் பூரா நடந்தது. ரஜினி, கமல் மாதிரி. நான் கட்சி சேரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் ஒரே வியாதி.

அந்த வியாதியைக் கொஞ்சம் விளக்கவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன் தண்டின் அடியில் ஒரு சின்ன இரும்புக் கை, கீல் போட்டதுபோல் மேலும் கீழும் ஆடும். அந்தக் கையின் பின் முனையில் சக்கரம். கீல் முன்னால், சக்கரம் பின்னால். குழியில் விழுந்தால் சக்கரம் மேலே எழும்பும், ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளும். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பிரேக் ஷூக்களைத் தாங்கும் தட்டையும் அதே கையில்தான் இறுக்கியிருக்கிறார்கள். முன் பிரேக்கைப் பிடித்ததும் சுழலும் டிரம் ஷூக்களைப் பற்றி இழுக்கிறது, ஷூக்கள் தட்டை இழுக்கின்றன, தட்டு கையைத் திருப்புகிறது. கையின் முன் முனை, அதாவது கீல், கீழே போகிறது. கீலோடு சேர்ந்து வண்டியின் மூக்கு குனிகிறது. பிரேக் பிடித்தால் எந்த வண்டியிலும் பாரம் முன்னால் சாயும். இங்கே பிரேக்கே தன் பங்குக்கு இன்னொரு முறை இழுத்துக் குனியவைக்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய பிறகு சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லை. அந்த நேரம் பார்த்து மணலோ, ஈரமோ, குழியோ வந்தால்? அப்பா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அவர் சொன்னதன் மறுபாதி ஆபத்தானது. பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் சக்தி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் சக்கரம் அந்த நேரத்தில் லேசாகிவிடும். காலை ஓங்கி மிதித்தால் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுபவர் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் மிக அதிகம். அப்பா ஓட்ட, முன்னால் பையன் நிற்க, பின்னால் அம்மா ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து மடியில் தங்கச்சியை வைத்துக்கொண்டு... இந்த நால்வரையும் நிறுத்த வேண்டிய வேலையைப் பின் டிரம்மின் இரண்டு ஷூக்கள் தலையில் கட்டியிருந்தோம்.

இந்த வியாதிக்கு மருந்து அப்போதே தெரியும் என்பதுதான் விசேஷம். லாம்பிரெட்டாக்காரர்கள் தங்கள் வேகமான டிவி 175 மாடலில், சாதா மாடல்களில் இல்லாத ஹைட்ராலிக் டாம்பர்களை முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் மாட்டினார்கள். 1962ல் அதே டிவி 175 வரிசையின் புதிய மாடலில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கே வந்துவிட்டது. கேபிளால் இயங்கிய மெக்கானிக்கல் டிஸ்க்தான், இன்றைய ஹைட்ராலிக் இல்லை. ஆனாலும் தொழிற்சாலையில் எண்ணிக்கையாகத் தயாரித்து விற்ற இரு சக்கர வண்டிகளில் முன் டிஸ்க்கோடு வந்த முதல் வண்டி என்ற பெருமை ஒரு ஸ்கூட்டருக்குத்தான் என்று சொல்வார்கள். பலரும் பெருமையாகப் பேசும் ஹோண்டா சிபி 750 வந்தது 1969ல்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். நம்மூரில் ஸ்கூட்டரை முதலில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது பம்பாயில் 1949ல் தொடங்கிய ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ. லாம்பிரெட்டாவை இங்கே பூட்டி விற்றது இதுதான். ஆரம்பித்தது பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம். பின்னால் வாங்கியவர் சென்னையின் எம்.ஏ. சிதம்பரம். ஆமாம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான். அந்த வண்டிதான் பிற்காலத்தில் 'லாம்பி' என்ற பெயரில் ஓடியது.

பஜாஜ் 1948லேயே ஸ்கூட்டர்களை இறக்குமதி செய்து விற்க ஆரம்பித்துவிட்டது. 1959ல் தயாரிப்புக்கு அரசு அனுமதி கிடைத்தது. பியாஜியோ உரிமத்தோடு புனே அருகே ஆக்குர்டியில் வெஸ்பா உருவானது. 1971ல் அந்த உரிமம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. 1972ல் ராணா பிரதாப்பின் குதிரை பெயரில் சேத்தக் வந்தது. எஞ்சினை மேம்படுத்தினார்கள், சூப்பர் போன்ற மாடல்களில் இருந்த 8 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் சேத்தக்கில் 10 அங்குலம் வந்தது. இது சின்ன விஷயமில்லை. சக்கரம் பெரிதானால் குழியில் விழுவது குறையும், உள்ளே டிரம்முக்கும் இடம் கிடைக்கும். ஆனால் பிரேக் அதே கேபிள், அதே டிரம். முன் சஸ்பென்ஷன் அதே கீல் கை. 2000களின் நடுவில் உற்பத்தி நின்றபோதும் முன் சக்கரத்தில் இருந்தது டிரம்தான்.

ஏன்? இங்கேதான் என் துறை வருகிறது.

1960ல் ஸ்கூட்டர் விநியோகத்துக்கென்றே அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. யார் யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கு விதிகள். முன்பணத்தைத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்தப் பாஸ்புக்கை ஈடாக வைத்து வண்டிக்குப் பதிவு செய்யும் வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்குப் பதிவு செய்தால் பையன் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்பதால், துபாய் மாமா இருக்கிற வீட்டுக்கு மவுசு. வரிசையில் வாங்கிய வண்டியை மறுநாளே கூடுதல் விலைக்கு விற்கலாம். யோசியுங்கள், ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை ஏறும் பொருள்! தேய்மானம் என்று நாங்கள் பி.காம்.மில் படித்த பாடத்துக்கே சவால்.

எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதியிருக்கும். அதற்கு மேல் செய்தால் குற்றம். ஜனங்களுக்கு வேண்டியதைச் செய்ததற்காகச் சிறை போகவும் தயார் என்று ராகுல் பஜாஜ் பேசியதாகச் சொல்வார்கள். அவர் பக்க நியாயம் அது. வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு: பத்து வருஷம் காத்திருந்து வாங்குகிறவன் பிரேக் சரியில்லை என்றால் யாரிடம் போவான்? அவன் பின்னால் இன்னும் லட்சம் பேர் நிற்கிறார்கள். நல்ல பிரேக் வைத்தால் செலவு கூடும். விற்பனை ஒன்றுகூடக் கூடாது. இப்படி ஒரு சந்தையில் எந்தக் கணக்காளரும் பிரேக்குக்குப் பணம் ஒதுக்கமாட்டார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் ஒதுக்கியிருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன்.

'அந்தக் காலத்தில் தொழில்நுட்பம் இல்லை' என்ற சமாதானத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1962ல், லாம்பிரெட்டாவில் டிஸ்க் வந்த அதே வருஷம், நம்ம சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பக்கத்திலேயே சுந்தரம் கிளேட்டன், லாரி பஸ்ஸுக்கான ஏர் பிரேக். காருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் லாரிக்குக் காற்று பிரேக்கும் செய்யத் தெரிந்த நாட்டில், நாலு பேர் போகும் ஸ்கூட்டருக்கு சைக்கிள் மாதிரி கேபிள்!

இதைவிடப் பெரிய வேடிக்கை நான் இருக்கும் ஊரில் நடந்தது. இன்னொசென்தி கம்பெனி 1971ல் ஸ்கூட்டரை நிறுத்தியது. அதன் இயந்திரங்கள், வரைபடங்கள், லாம்பிரெட்டா பெயர் எல்லாவற்றையும் இந்திய அரசு மொத்தமாக விலைக்கு வாங்கியது. 1972ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் பதிவானது. லக்னோவிலிருந்து கான்பூர் போகும் சாலையில், சரோஜினி நகர் பக்கம் தொழிற்சாலை. 1975ல் உற்பத்தி தொடங்கியது. விஜய் சூப்பர் நினைவிருக்கிறதா? நீளமான உடம்பு, இரண்டு பக்கமும் சரிந்த மூடி. மிலானில் கடைசியாகச் செய்த லாம்பிரெட்டாவின் தம்பிதான் அது. ஆக, உலகத்துக்கு டிஸ்க் பிரேக் ஸ்கூட்டரைக் கொடுத்த கம்பெனியின் பட்டறையே நம்மிடம் வந்துவிட்டது. ஆனால் நம் தெருக்களில் ஓடிய விஜய் சூப்பர்களின் முன் சக்கரத்தில் இருந்தது? டிரம்.

அந்தக் கம்பெனி 1997ல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு விக்ரம் மூன்று சக்கர வண்டியோடு காலம் தள்ளியது. 2021 ஜனவரியில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் போனால் கான்பூர். அங்கே எல்.எம்.எல்., 80களில் பியாஜியோவோடு கூட்டு சேர்ந்து வெஸ்பாவை மறுபடி கொண்டுவந்தது. 1999ல் அந்தக் கூட்டு முறிந்தது. அதன் பிறகு எல்.எம்.எல். வெளிநாட்டுக்கு அனுப்பிய வண்டி ஒன்று அமெரிக்காவில் 'ஸ்டெல்லா' என்ற பெயரில் விற்றது. கான்பூரில் செய்து, அமெரிக்கர்கள் ஓட்டிய அந்த வண்டியில் முன் டிஸ்க் இருந்தது! அங்கே வாங்குபவன் கேட்பான், கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கான்பூர் ஆலையிலும் இப்போது ஆள் இல்லை.

பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும். 1984ல் கைனடிக் ஹோண்டா கியர் இல்லாமல் வந்தது. 1991க்குப் பின் வரிசை போய்விட்டது. 2001ல் ஆக்டிவா. அதிலும் முன்னால் டிரம்தான், ஆனால் 2009ல் ஒரு லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் காம்பி பிரேக்கைக் கொண்டுவந்தார்கள். முன் பிரேக்கைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு தேசத்தை, அதற்குத் தெரியாமலே முன் பிரேக் பிடிக்கவைத்த தந்திரம் அது :-) 2012ல் பியாஜியோ பாராமதியில் தானே ஆலை போட்டு வெஸ்பாவைக் கொண்டுவந்தபோதும் முதல் மாடல் டிரம்மோடுதான் வந்தது. அடுத்த வருஷம்தான் டிஸ்க். கடைசியில் சட்டம் வரவேண்டியிருந்தது: 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் எல்லா இரு சக்கர வண்டியிலும், 125 சிசி வரை காம்பி பிரேக் அல்லது ஏ.பி.எஸ்., அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம்.

இப்போது பழைய வண்டிக்காரர்கள் விஷயம். லக்னோவில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கம், ரயில்வேயில் ஓய்வு பெற்று, பிள்ளைகள் இங்கேயே வேலையில் இருப்பதால் ஊர் திரும்பாதவர். வீட்டில் ஒரு விஜய் சூப்பர். "தம்பி, இதுல பேரனை ஏத்தணும்னா டிஸ்க் போடாம முடியாதுல்லா?" என்பது அவர் கேள்வி. அவருக்காக நான் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், டிஸ்க்கை மட்டும் மாற்றினால் வம்பு. கீல் கையின் வியாதி அப்படியேதான் இருக்கும். பிரேக் வலுவாக ஆக, மூக்கு இன்னும் வேகமாகக் குனியும். எனவே சஸ்பென்ஷனை முதலில் பார்க்கவேண்டும். முப்பது நாற்பது வருஷ ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், புதிதாகப் போடவேண்டும். லாம்பிரெட்டா வகைக்கு, அந்தக் காலத்து டிவி மாடலில் இருந்ததுபோல் இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டாம்பர் போடலாம். ஆனால் சாதா மாடலின் ஃபோர்க்கில் அதை மாட்டும் கொம்பு இருக்காது, வெல்டிங் செய்யவேண்டும். வெஸ்பா வகைக்கு நல்ல ஷாக் அப்சார்பர் ஒன்று. கீலின் புஷ், ஹேண்டிலுக்கு அடியில் உள்ள பால் ரேஸ் இரண்டும் தேய்ந்திருந்தால் எந்த பிரேக் போட்டும் பயனில்லை, வண்டி நடுங்கும்.

இதெல்லாம் செய்த பிறகும் டிரம்மை எடுத்தே ஆகவேண்டுமா என்று எங்கள் தெரு உஸ்தாத் கேட்டார் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்பார்கள்). டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து வட்டமாக்குவது, நல்ல லைனிங் ஷூ, புது உள் கேபிளோடு புது வெளி உறையும், பின்தட்டின் கேம்முக்குக் கிரீஸ். பாதிப் பேருக்கு இது போதும் என்கிறார். சிட்டிக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வண்டிக்கு அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. நெடுஞ்சாலை ஏறுகிறவர் கதை வேறு.

வெஸ்பா, எல்.எம்.எல். வகைக்கு, டிஸ்க்கோடு வந்த பிற்கால வண்டிகளின் முன் தண்டை அப்படியே எடுத்து மாட்டுவதுதான் வழக்கம். வெஸ்பா பி.எக்ஸ்.ஸுக்கு 1998ல் பியாஜியோவே முன் டிஸ்க் கொடுத்துவிட்டது. ஆனால் தண்டின் நீளம், பால் ரேஸ் அளவு, அச்சின் தடிமன் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். பொருந்துகிறதா என்று அளந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஹேண்டிலில் பிரேக் ஆயில் டப்பாவுக்கு இடம் பண்ணவேண்டும். 8 அங்குல வண்டிக்காரர்கள் சக்கரத்தையும் மாற்றினால்தான் ஆகும்.

அடுத்தது காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. நல்ல எண்ணத்தில் பிரேக்கை மேம்படுத்தினாலும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி எழுப்ப இடம் உண்டு. மாற்றும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வங்கிக்காரன் புத்தி, காகிதம் இல்லாமல் எதையும் நம்பமாட்டேன்.

இதில் இன்னொரு முடிச்சு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. லக்னோவின் முதல் விஜய் வண்டிகளுக்கு 2025ல் 50 வயது. அண்ணாச்சியின் வண்டி 1978. இப்போது ஃபோர்க்கில் வெல்டிங் வைத்தால் 2028ல் அந்தக் கதவு மூடலாம்.

நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி ஒரு வாரம் வைத்துப் படித்தார். லக்னோ கபாடி பஜாரில் தேடி இன்னொரு விஜய் ஃபோர்க் வாங்கிவிட்டார். கொம்பு வெல்டிங், டாம்பர் எல்லாம் அதில். அசல் ஃபோர்க்குக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பரண் மேல் ஏற்றியாயிற்று. முன்னால் இப்போதைக்கு டிரம்தான், லேத்தில் கடைந்து புது ஷூ போட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும்வரை பேரனுக்குப் பின் சீட் கிடையாது என்று சொல்லிவிட்டார்.